மூடிய குழாயும் திறந்த மனமும்

இராஜா அண்ணாமலைபுரத்தில் வாழும் எங்களுக்குக் குளிர் என்பது மார்கழி விடியலில் தோளில் போர்த்தும் துண்டோடு முடிந்துவிடும். சென்னையில் தை மாத இரவிலும் ஏறத்தாழ 20 பாகைக்கு மேலேயே வெப்பம் நிற்கும். முன்னாளில் குளியலறை மூலையில் செப்புப் பாய்லர் ஒன்று இருந்தது. கரிப்புகை நச்சென்பதால் எங்கள் தாயார் சன்னலைத் திறந்து வைத்தே அதனை மூட்டுவார். இன்று அதனிடத்தில் மின்சார கீசர். ஆனால் வீடு முழுவதையும் சூடேற்ற வேண்டிய தேவையை, மகளின் பேறுகாலத்திற்காக இலண்டன் ஈஸ்ட் ஹாமுக்குச் சென்றபோதுதான் உணர்ந்தோம்.

கார்த்திகை மாதம். பேரக் குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வீட்டின் பழைய வெப்ப ஏற்பாடு பழுதுபட்டது. பரணில் திறந்த நீர்த்தொட்டி வைத்த பழைய முறை அது. அதனை அகற்றிவிட்டு, காற்றுப் புகாத மூடிய முறையை அமைத்தார்கள். அந்நாட்டில் எரிவாயு பாய்லரில் கைவைக்க, 2009 முதல் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயருள்ளவருக்கே உரிமையுண்டு. அத்தகைய ஒருவர் வந்து இரண்டு நாள் உழைத்தார்.

குழந்தையைக் கம்பளியில் பொதிந்துகொண்டு நாங்கள் வேடிக்கை பார்த்தோம். பழைய குழாய்களில் படிந்திருந்த கருஞ்சேற்றை அவர் அலசி வெளியேற்றினார். பாய்லரைச் சமையலறைச் சுவரில் பொருத்தினார். குழாய்களில் நீரை நிரப்பி, ஒவ்வோர் அறையின் வெப்பத் தகட்டிலும் சிறு சாவியால் காற்றை வெளியேற்றினார். துருவைத் தடுக்கும் மருந்தையும் கலந்தார். அழுத்தமானியின் முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே நின்றது. “குளிர்ந்திருக்கும்போது இதுவே அளவு. மூன்றைத் தொட்டால் காப்பு வால்வு திறந்து நீரை வெளியே விட்டுவிடும்” என்றார்.

செந்நிறக் கலம் ஒன்றையும் காட்டினார். நூறு லிட்டர் நீரை 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேற்றினால் ஏறத்தாழ மூன்று லிட்டர் பெருகும். மூடிய குழாயில் அதற்குப் போக்கிடம் ஏது? கலத்தினுள் ரப்பர்த் திரைக்கு அப்பால் அடைபட்ட காற்று, சுருங்கி இடங்கொடுக்கிறது. வெப்பம் தணிந்ததும் நீரைத் திருப்பித் தள்ளுகிறது.

அவர் சென்ற சில நாளில் முள் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. இரவெல்லாம் கண்விழிக்கும் மகளை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. நிரப்பும் குழாயை இணைத்து நாங்களே நீரை ஏற்றினோம். மறுநாளும் முள் இறங்கியது, மறுநாளும் ஏற்றினோம். இவ்வாறு பத்து நாள் சென்றபின், மாடிப்படியருகே கம்பளம் நனைந்திருக்கக் கண்டோம்.

மீண்டும் வந்தவர், “எத்தனை நாளாக நிரப்புகிறீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் நாணித் தலைகுனிந்தோம். மூடிய அமைப்பில் நீர் தானே குறையாது. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவுண்டு. புதுநீரை ஏற்றும்போதெல்லாம் அதனோடு பிராணவாயுவும் புகுந்து இரும்பைத் துருவாக்கும் என்று விளக்கினார். தரைப்பலகையை எடுத்து ஓர் இணைப்பை முறுக்கினார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அன்று மாலை மகள் எங்களருகே வந்தமர்ந்தாள். “எனக்குச் சிரமம் கூடாதென்று நீங்கள் மறைத்தீர்கள். நானும் அப்படித்தான் அம்மா. பிள்ளை பிறந்த நாளிலிருந்து காரணமின்றி அழுகை வருகிறது. உங்கள் மனம் நோகுமே என்று சொல்லவில்லை” என்றாள். ஒரே கூரையின் கீழிருந்தும் நாங்கள் அதனை அறியாதிருந்தோம்! மறுநாளே அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தாய்மார் பலருக்கும் நேர்வதே இது, குணமாகக்கூடியதே என்று அவர் தேற்றினார். நாளடைவில் மகள் தேறினாள்.

ஊர் திரும்பிய பின்னும் வாரந்தோறும் அவளோடு தொலைபேசியில் பேசுகிறோம். முன்பெல்லாம் எங்கள் முதற்சொல் “இங்கே எல்லாரும் நலம்” என்பதாக இருக்கும். இப்போது, “முள் எங்கே நிற்கிறது, மகளே?” என்று கேட்கிறோம். அவள் சிரித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். நாங்களும் சொல்கிறோம்.