பெண் கடலும் ஆண் கடலும்

சென்ற மே மாதம் இராமேஸ்வரத்தில் சுவாமி தரிசனம் முடிந்ததும், தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போனோம். 1964 புயலில் அழிந்த ஊரைக் கடக்கும்போது மனம் கனத்துத்தான் போகிறது. 2017-ல் சாலை திறந்த பிறகு முனைவரை காரிலேயே போகலாம். இடப்பக்கம் பாக் நீரிணை. வலப்பக்கம் மன்னார் வளைகுடா. சாதுவாக இருக்கும் முதலாவதைப் பெண் கடல் என்றும், சீறுகிற இரண்டாவதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரே வெயில்தான். ஆனால் ஆண் கடலில் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. மேலே கண் கூசும் மினுமினுப்பு. பெண் கடலிலோ அடிமணல் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் பொன் வலை விரித்தாற்போல வெளிச்சக் கோடுகள் நெளிந்தன.

"அம்மா, முழங்கால் தண்ணிதான்!" என்று என் எட்டு வயது மகன் ஓடினான். சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், "ஏம்மா, பிள்ளையைப் பிடிங்க! பார்க்கத்தான் அப்படி, இறங்கினா இடுப்புக்கு வந்துரும்" என்று கத்தினார். பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். என்னவர் ஒரு கம்பை விட்டுப் பார்த்தார். அந்த அம்மாள் சொன்னது சரிதான்!

கல்லூரியில் பௌதிகம் படிக்கும் மூத்த பெண் காரணம் சொன்னாள். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வெளிச்சம் வளைகிறது. அதனால் நேர் மேலிருந்து பார்த்தாலே நாலடி ஆழம் மூன்றடியாகத்தான் தெரியுமாம். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. சிற்றலைகளின் முதுகு பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவிக்கிறது. அதுதான் அந்தப் பொன் வலை. காற்று பலத்தாலோ, அலைச் சரிவுகள் ஆயிரம் கண்ணாடித் துண்டுகளாகி வெயிலை நம் கண்ணுக்கே திருப்புகின்றன. நுரையும் சேர்ந்து உள்ளே இருப்பதை மறைத்துவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பாத்திரத்தின் அடியில் காசைப் போட்டு, விளிம்பு அதை மறைக்கும் வரை பின்னால் நகருங்கள். அப்படியே நிற்க, யாரையாவது மெல்லத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். காசு மேலே எழும்பி வந்தாற்போலத் தெரியும்! தண்ணீரை அலைத்தால் காசு நடனமாடும். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், நூறு தடவை கண்டிப்பதைவிட மனதில் பதியும்.

சீறும் கடலைக் கண்டால் நாமே ஒதுங்கிவிடுகிறோம். சிரிக்கும் தண்ணீரில்தான் ஏமாந்து போகிறோம். குளமோ, ஆறோ, கடலோ, கண்ணை நம்பாமல் கம்பை விட்டு ஆழம் பாருங்கள். குழந்தையின் கையை மட்டும் விடாதீர்கள்.