சொந்த மைதானம் இல்லாத அணி

கார்கிவ் என்ற ஊரின் பெயர் எம்மில் பலருக்கு 2022இல் தான் அறிமுகமானது. உக்ரேனின் இரண்டாவது பெரிய நகரம். ரஷ்ய எல்லை அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. சுரங்க ரயில் நிலையங்களில் விரித்துப் படுத்திருந்த தாய்மாரும் பிள்ளைகளுமாகத் தான் அந்த நகரத்தைத் தொலைக்காட்சியில் கண்டோம். ஆனால் அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னர், 2012 ஏப்ரலில், அதே நகரத்துக்கு அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸ் டென்னிஸ் விளையாட வந்திருந்தார்.

அது பெண்களுக்கான நாடுகளிடை அணிப் போட்டி. 1963இல் லண்டனில் 16 நாடுகளுடன் ஆரம்பமானது. பெட் கிண்ணம் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 2020இலிருந்து பில்லி ஜீன் கிங் கிண்ணம் என்ற பெயரில் நடக்கிறது. பெண்களுக்கும் சமமான பரிசுப் பணம் வேண்டுமென்று போராடிய வீராங்கனை அவர். முதல் வருடம் கிண்ணத்தை வென்ற அமெரிக்க அணியிலும் இருந்தவர்.

கார்கிவில் நடந்தது 'பிளே-ஓஃப்' போட்டி. அப்போது மேல் பிரிவில் தோற்ற நாடும் கீழ்ப் பிரிவில் வென்ற நாடும் இதில் சந்தித்தன. வென்றவருக்கு அடுத்த வருடம் மேல் பிரிவில் இடம் கிடைத்தது. தோற்றவர் கீழே இறங்க வேண்டியிருந்தது. இரண்டு நாட்களில் நான்கு ஒற்றையர் ஆட்டங்கள், ஒரு இரட்டையர் ஆட்டம். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. எந்த நாட்டில் போட்டி நடக்கிறதோ அந்த நாடே ஊரையும் தரையையும் தெரிவு செய்யலாம். களிமண் தரையா, கடினத் தரையா, கூரையின் கீழா, வெளியிலா என்பதெல்லாம் வீட்டுக்காரர் விருப்பம். பழகிய தரை, சொந்த மொழியில் கைதட்டல், பார்வையாளர் வரிசையில் அம்மா. அன்று உக்ரேன் 5–0 என்று படுதோல்வி அடைந்தது உண்மை தான். தோற்றாலும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் அல்லவா?

2022 பெப்ரவரி 24ஆம் திகதி யுத்தம் வந்தது. ஒடேசா நகரத்தைச் சேர்ந்த டயானா யஸ்ட்ரெம்ஸ்காவுக்கு அப்போது 21 வயது. நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் ஒன்றில் குடும்பத்தோடு இரண்டு இரவுகள் ஒளிந்திருந்தார். பின்னர் பெற்றோர் அவரையும் 15 வயதுத் தங்கையையும் படகேற்றி, டான்யூப் நதியைக் கடந்து ருமேனியாவுக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் நாட்டிலேயே நின்றுவிட்டார்கள். பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்ற பெற்றோரை எமது வாசகிகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சில நாட்களுக்குள் பிரான்சின் லியோன் நகரில் நடந்த போட்டித் தொடரில் இறுதி ஆட்டம் வரை போனார் டயானா. கிடைத்த பரிசுப் பணத்தை உக்ரேன் மக்களுக்கே கொடுத்தார்.

யுத்தம் தொடங்கி ஏழு வாரங்களில், அமெரிக்காவின் மலைப்பாங்கான ஆஷ்வில் நகரில் அதே அமெரிக்க அணியோடு உக்ரேன் தகுதிகாண் போட்டியில் இறங்கியது. டயானாவும் அதில் விளையாடினார். ஒற்றையர் ஆட்டங்கள் 2–2 என்று சமநிலைக்கு வந்து, கடைசி இரட்டையர் ஆட்டத்தில் தான் உக்ரேன் தோற்றது. நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு உக்ரேன் நிவாரணத்துக்குப் போனது. எதிரணியின் ஊரிலேயே சனம் உக்ரேன் பெண்களுக்காகக் கைதட்டியது.

அதன் பிறகு உக்ரேனின் முறை வந்தது. வீட்டுக்காரர் உரிமை இருக்கிறது, போட்டி நடத்த வீடு இல்லை. ஆகவே 2023 ஏப்ரலில் செக் நாட்டுடனான போட்டியைத் துருக்கியின் கடற்கரை நகரமான அன்டாலியாவில் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் ருமேனியாவுடனான போட்டியை அமெரிக்காவின் புளோரிடாவில், அமேலியா தீவில் வைத்தார்கள். கடதாசியில் உக்ரேன் தான் வீட்டுக்காரர். சுற்றி நின்றதோ வேறு கடல், வேறு பாஷை. இதைப் படித்தபோது எமது இடம்பெயர்ந்த பாடசாலைகள் தான் நினைவுக்கு வந்தன. ஊர் ஒரு பக்கம் கிடக்க, பெயர்ப்பலகையை மட்டும் கொண்டுவந்து, இன்னொரு பாடசாலைக் கட்டடத்தில் பின்னேர வகுப்பு நடத்திய பாடசாலைகள். வரவு இடாப்பில் பழைய பெயர் தானே இருந்தது! அந்த இரண்டு போட்டிகளிலும் உக்ரேன் தோற்றது.

இந்த அணியின் மூத்தவர்களில் ஒருவர் எலினா ஸ்விடோலினா. ஒடேசாவில் பிறந்து, சிறுமியாகவே கார்கிவுக்கு வந்து டென்னிஸ் பழகியவர். செரீனா அங்கு வந்த வருடம் அவருக்கு 17 வயது. 2022 ஒக்டோபரில் பெண் குழந்தைக்குத் தாயானார். ஆறு மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பி, 2023 விம்பிள்டனில் அரையிறுதி வரை போனார். பிள்ளை பெற்றால் எல்லாம் முடிந்தது என்று சொல்லும் எங்கள் ஊர் மாமிமாருக்கு இதைக் காட்ட வேண்டும்.

2025 ஏப்ரலில் போலந்தின் ராடொம் நகரம். வார்சோவிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீற்றர். யுத்தம் தொடங்கியபோது இலட்சக்கணக்கான உக்ரேனியப் பெண்கள் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்த நாடு போலந்து. அங்கு ஸ்விடோலினாவும், கீவ் நகரத்து மார்ட்டா கொஸ்ட்யுக்கும் இருந்த அணி சுவிற்சர்லாந்தையும் போலந்தையும் வென்று இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. செப்டெம்பரில் சீனாவின் சென்சென் நகரில் ஸ்பெயினையும் வென்றார்கள். அரையிறுதியில் இத்தாலியிடம் 2–1 என்று தோற்றார்கள். கிண்ணமும் இத்தாலிக்கே போனது.

இதற்கிடையில் கார்கிவில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் வகுப்புகள் தொடங்கியிருந்தன. 2024இல் முழுவதும் நிலத்துக்கு அடியில் கட்டிய பாடசாலை ஒன்றும் அங்கு திறக்கப்பட்டது.