பட்டறையில் நிற்பவரின் நாக்கு

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது வல்லம். ஊராட்சி ஒன்றியத்தின் தலையூர் என்பதால் மனுவோடு வருகிறவர்கள், மல்லாட்டை மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள், நூறுநாள் வேலைக் கணக்குக் கேட்க வந்த பெண்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் என்று பொழுது விடிந்ததிலிருந்து டீக்கடையில் ஆள் குறைவதே இல்லை. இவர்களில் யாரும் ‘ஒரு டீ’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. ‘டிகாஷன் தூக்கலா’, ‘பால் தூக்கலா, சக்கரை கம்மி’, ‘ஆத்தாம குடுண்ணா’, ‘நொர வேணாம்’. ஒவ்வொருவர் நாக்கிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் கிளாசைத் திருப்பி நீட்டிவிடுவார்கள்.

டீயைச் சுவைத்துத் தரம் பிரிப்பது குன்னூரிலும் கொல்கத்தாவிலும் உட்கார்ந்திருக்கும் நிபுணர்களின் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வேலையின் பாதியை, என் கணிப்பில் கடினமான பாதியை, நம் ஊர் டீ மாஸ்டர்கள் நாள் தவறாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் வல்லத்துக்குப் போனேன்.

நான் போன கடையின் மாஸ்டருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சென்னையில் பல கடைகளில் நின்றுவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவர். அதிகாலை நாலு மணிக்கு பாய்லருக்குக் கரி போட்டால் மதியம் வரை உட்கார வழியில்லை. நின்று நின்று இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. வலது மணிக்கட்டில் ஆவி பட்ட பழைய தழும்புகள். நாள் கூலிதான், ஒருநாள் வரவில்லையென்றால் அன்றைக்குக் காசு இல்லை.

அவர் கையைக் கவனித்தால் ஒன்று புரியும். துணிப்பையில் தூளைப் போட்டு, டிகாஷன் குவளையில் தொங்கவிட்டு, மேலிருந்து கொதிநீரை ஊற்றுகிறார். தூள் முழுக்க நனைந்ததும் பையைத் தூக்கி, வடிந்ததை மறுபடி அதன் மேலேயே ஊற்றுகிறார். அடுத்த ஈடுக்குப் பழைய சக்கையின் மேல் புதுத்தூள் ஒரு கரண்டி. பை கனத்துப்போனதும் சக்கையை மொத்தமாகத் தட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார். எத்தனை கிளாசுக்கு ஒருமுறை தட்ட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். “கணக்கு இன்னா சார் கணக்கு. சக்கைய மோந்து பாத்தா தெரிஞ்சிடும். புளிச்ச வாசன வந்தா தட்டிடணும்” என்றார். பையை அவர் பிழிவதே இல்லை. “பைய புழிஞ்சா அன்னிக்கிக் கடைய சாத்திக்கினு போவ வேண்டியதுதான். நாக்குல கசப்புதான் நிக்கும்.”

டிகாஷன் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குடித்தா பார்க்க முடியும்? அவர் கண்ணால்தான் பார்க்கிறார். கிளாசில் டிகாஷன் விழும்போது அதன் ஓரத்தில் வெளிச்சம் பட வேண்டும். “ஓரத்துல செவப்பு தெரியணும் சார். கறுப்பு தெரிஞ்சா அது செத்த டிகாஷன்.” இதற்கு வேதியியலில் பதில் இருக்கிறது. இலை நொறுங்கிக் காற்றுப் பட்டு நிறம் மாறும்போது தியாஃபிளேவின், தியாருபிஜின் என்று இரண்டு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. முதலாவதுதான் பொன்சிவப்பு ஒளியும் நாக்கைச் சுண்டும் கடுப்பும் தருவது. இரண்டாவது கருஞ்சிவப்பு நிறத்தையும் கனத்தையும் தருகிறது. டிகாஷன் சூட்டிலேயே நேரம் கடந்து நின்றால் ஒளி தருவது குறைந்து, மங்கலும் கறுப்பும் மிஞ்சுகின்றன. மாஸ்டர் அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவை எப்போது போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

குன்னூரில் சுவை பார்க்கும் அறை ஒன்றை முன்பே பார்த்திருக்கிறேன். 1963இல் தேயிலை ஏலம் தொடங்கிய ஊர் அது. நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் மூடிக்குவளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கிண்ணம், பின்னால் காய்ந்த தூளின் மாதிரி. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிநீர் ஊற்றி 6 நிமிடம். ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டுத் தரநூல் சொல்லும் முறையும் இதுதான். ஊறிய சக்கையை மூடியில் கவிழ்த்து நிறமும் மணமும் பார்ப்பார்கள். பிறகு ஒரு கரண்டி சாற்றைச் ‘சர்ர்’ரென்று சத்தம் வர உறிஞ்சித் துப்புவார்கள். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பாலோடு குடிக்கும் சந்தைக்குப் போகிற தூளைப் பால் சேர்த்தும் பார்ப்பதுண்டு. அதற்கான முறையும் அந்தத் தரநூலிலேயே இருக்கிறது.

அங்கே எல்லாம் நிலையானது. தண்ணீர், நேரம், குவளை எதுவும் மாறாது, தூள் ஒன்றுதான் மாறும். வல்லத்துப் பட்டறையில் எல்லாமே மாறுகிறது. காலைப் பால் ஒரு கெட்டி, மாலைப் பால் ஒரு கெட்டி. எருமைப்பால் கலந்து வந்த அன்று டிகாஷன் எத்தனை விட்டாலும் நிறம் ஏறாது. மழைக்காலத்தில் கரி நின்று எரியாமல் பாய்லர் சுணங்கும். இத்தனைக்கும் நடுவில் நேற்றுக் குடித்த அதே டீயைத் தந்தாக வேண்டும். கடினமான பாதி என்று நான் சொன்னது இதைத்தான்.

கூட்டம் ஓய்ந்த ஒரு மதியத்தில் மாஸ்டரிடம் அனுமதி கேட்டு, குன்னூர் முறையை அந்தக் கடை பெஞ்சிலேயே செய்து பார்த்தேன். கடையில் புழங்கும் நீலகிரி சிடிசி டஸ்ட், அசாம் சிடிசி, நீலகிரி ஆர்தடாக்ஸ் இலை, இலங்கையின் நுவரெலியா இலை. சின்ன மின்தராசு ஒன்று கொண்டுபோயிருந்தேன். நாலுக்கும் ஒரே எடை, ஒரே தண்ணீர், ஒரே 6 நிமிடம்.

சிடிசி என்பது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திர முறை. 1930 வாக்கில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் என்பவர் உருவாக்கியது. இன்று இந்தியத் தேயிலையின் பெரும்பங்கு அந்த வழியில்தான் வருகிறது. சின்னச் சின்னக் குருணையாக இருப்பதால் சட்டென்று சாயம் இறங்கும், கொஞ்சம் தூளில் நிறைய கிளாஸ் வரும், பாலைத் தாங்கும். இலையை உருட்டி முறுக்கி எடுக்கும் பழைய முறை ஆர்தடாக்ஸ். அதில் மணம் தங்கும், சாயம் மெதுவாக இறங்கும்.

சுவைக்க உட்கார்ந்தவர்கள் கடையின் வாடிக்கைக்காரர்கள். மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பால் ஊற்ற வந்த அம்மா, பிறகு மாஸ்டர். எது எந்தத் தூள் என்று சொல்லவில்லை. பால் சேர்க்காமல் முதல் சுற்று. ஆர்தடாக்ஸ் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் பால்கார அம்மா முகத்தருகே வைத்துக்கொண்டே இருந்தார். “இன்னாப்பா இது, பூவு வாசன அடிக்குது” என்றார். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி விழும் காலத்தில் கொழுந்து மெதுவாக வளரும். அந்தக் காலத்து இலையில் மணம் கூடுதல். நான் கொண்டுபோனது அந்தப் பருவத்து இலைதான். நுவரெலியா இலையை ஆசிரியர் ‘லேசாக, சுத்தமாக’ இருப்பதாகச் சொன்னார். அசாம் தூளை வாயில் வைத்ததும் மூட்டைக்கார அண்ணன், “இது நாக்குல குந்திக்கிச்சு, எழுந்து போவ மாட்டேங்குது” என்றார். குன்னூர்க்காரர்கள் பல கலைச்சொற்களால் குறிக்கும் குணத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அடுத்து பால் சேர்த்தோம். தரவரிசை தலைகீழாயிற்று. பூ மணம் வந்த ஆர்தடாக்ஸ் பாலில் காணாமல் போனது. “பால்ல சக்கரை போட்ட மாதிரிதான் கீது” என்று அம்மா கிண்ணத்தை நகர்த்தினார். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். துவர்ப்பு மிகுதியாக இருந்தால்தான் பிடித்தது போக நாக்குக்கு மிச்சம் இருக்கும். அசாம் தூளில் அது மிஞ்சியது. கடைத்தூள் நடுவில் நின்றது: அசாமின் கனம் இல்லை, ஆனால் பாலுக்குப் பின்னும் ஒரு துளி மணம் இருந்தது. இலைத் தேயிலை உயர்ந்தது, டஸ்ட் தாழ்ந்தது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் சுற்றைச் செய்து பார்க்க வேண்டும். வல்லத்தில் குடிப்பது பால் டீ. அதற்கு ஏற்ற தூளைத் தேர்ந்தெடுப்பது தாழ்ந்த ரசனை ஆகாது.

மாஸ்டர் அதுவரை தன் கருத்தைச் சொல்லவில்லை. “தண்ணிய மாத்திப் பாக்கலியே நீங்க” என்றார். நாங்கள் போட்டது கேன் தண்ணீரில். அவர் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதே கடைத்தூளைப் போட்டார். சாறு ஆறும்போது மேலே ஒரு மெல்லிய ஏடு படிந்தது. கரண்டியால் தொட்டால் மெல்லிய கண்ணாடிபோல் விரிசல் விட்டது. நிறம் கறுத்தது, ஓரத்துச் சிவப்பு போய்விட்டது. கடினநீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சாற்றோடு சேர்ந்து செய்யும் வேலை இது. கேன் தண்ணீரில் நிறம் பளிச்சென்று இருந்தாலும் தாது குறைந்த அந்தத் தண்ணீரில் சுவை கொஞ்சம் சப்பென்று இருந்தது. மாஸ்டர் இரண்டையும் கலந்துதான் பாய்லரை நிரப்புகிறார். எந்த விகிதம் என்பது அவருடைய கடையின் சுவை. பெரிய தேயிலை கம்பெனிகள் வட்டாரத்துத் தண்ணீருக்கு ஏற்பக் கலவையை மாற்றுகின்றன. இவர் தண்ணீரையே கலவை செய்கிறார்.

தூள் வாங்குவதிலும் அவருக்கு ஒரு கெடுபிடி உண்டு. சில்லறையில் வரும் தூளை முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்ப்பார். நல்ல தூள் குளிர்ந்த நீரில் அவசரப்பட்டுச் சாயம் விடாது. தூவிய மாத்திரத்தில் கோடு கோடாகச் சிவப்பு இறங்கினால் நிறம் ஏற்றிய தூள். ஈரக் காகிதத்தில் பரப்பிப் பார்ப்பது இன்னொரு வழி, உணவுப் பாதுகாப்புத் துறையும் வீடுகளுக்குச் சொல்லித்தரும் சோதனை. இரும்புத்தூள் கலந்திருக்கிறதா என்று காந்தத்தையும் ஒருமுறை ஓட்டுகிறார். விலை மலிவு என்று நிறம் ஏற்றிய தூளை வாங்கும் கடைகள் இருக்கின்றன. உழைப்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ கிளாஸ் குடிக்கும் பொருளில் சாயப்பொடி கலப்பதை என்னால் சின்னத் தவறாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கலப்படத்தால் அடிபடுவது மலையில் இருக்கும் சிறு விவசாயியும்தான். மலிவான கலப்படத் தூள் புழங்கினால் நல்ல தூளின் விலையும் இறங்கும். 1 கிலோ தூளுக்கு 4 கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஏலத்தில் தூள் போகும் சராசரியை வைத்துத்தான் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை சொல்கிறது. கோத்தகிரி, குந்தா பகுதிகளின் சிறு விவசாயிகள் அந்த விலை கட்டுபடியாகவில்லை என்று பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள்.

கொழுந்து பறிப்பவர்களின் டீ வேறு. அதைக் குடித்துப் பார்க்க நான் மலை ஏறவில்லை. வல்லம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போரில் தப்பி வந்தவர்களின் குடியிருப்பு. தமிழ்நாட்டு முகாம்களில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தை வேராகக் கொண்ட குடும்பங்களும் நிறைய உண்டு. அதற்கும் முன்னால், 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று எழுதியது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டு, 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமாயின. முகாமில் ஒரு வீட்டில் எனக்குக் கிடைத்தது பிளேன்டீ. பால் இல்லை. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி குடித்தார். நானும் அப்படியே குடித்தேன். முதலில் இனிப்பு, அதன் மேல் துவர்ப்பு வந்து விழுகிறது. கலக்கிய டீயில் இரண்டும் ஒன்றாகிவிடும், இதில் இரண்டையும் தனித்தனியாக ருசிக்க முடிகிறது. ஒரு கிளாசுக்குச் செலவாகும் சீனியும் குறைவு. தோட்டத்துச் சம்பளத்தில் பிறந்த பழக்கம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதுவரை நான் குடித்ததில் தேயிலையின் சுவையை மறைக்காமல் காட்டிய டீ அதுதான்.

வல்லத்துக்குத் திரும்பிப் போனபோது, நான் விட்டுவந்த அசாம் தூளை மாஸ்டர் சும்மா வைத்திருக்கவில்லை. நாலு கரண்டி கடைத்தூளுக்கு ஒரு கரண்டி அசாம் என்று கலந்து, யாரிடமும் சொல்லாமல் காலை ஈட்டில் போட்டிருக்கிறார். மூட்டைக்கார அண்ணன் பாதிக் கிளாசில் நிமிர்ந்து பார்த்து, “இன்னா மாஸ்டர், பால மாத்தினியா?” என்று கேட்டாராம். ஆசிரியர் சர்க்கரையைக் கூட்டச் சொன்னாராம். கனம் கூடினால் இனிப்புக் குறைந்ததாக நாக்கு எடுத்துக்கொள்ளும் என்று மாஸ்டர் எனக்கு விளக்கினார். அடுத்த நாள் அஞ்சுக்கு ஒன்று என்று இறக்கினார், ஆசிரியர் வழக்கமான சர்க்கரையில் குடித்துவிட்டுப் போனார். அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது மாஸ்டரின் முடிவு. சென்னையிலிருந்து அசாம் தூள் வரவழைக்க ஆகும் செலவை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். கிலோவுக்கு எத்தனை கிளாஸ் கூடுதலாக வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார் முதலாளி. நான் போனபோது மாஸ்டர் பாய்லர் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டியால் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.