உம்மா பிறந்த மலைக்கு ஒரு வேன் பயணம்



வெளிநாடுகளில் சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் பொருத்திய வாகனத்தில் குடும்பத்தோடு நாட்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். நம் கைக்கு எட்டுவது வாடகை வேன்தான். மனம் வைத்தால் அதையும் மூன்று நாளைக்கு வீடாக்கிக் கொள்ளலாம். சென்ற வருடம் நாங்கள் அப்படிப் போய் வந்தோம், என் உம்மாவுக்காக.

உம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. பிறந்தது திம்புள்ளயில். மூத்தப்பா அங்கே தோட்டத்துச் சனங்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருந்தார். உம்மா பிறந்ததும் உம்மும்மாவுக்குக் கடும் காய்ச்சல். பால் கொடுக்க முடியவில்லை. பக்கத்து லயத்தில் கைக்குழந்தையோடு இருந்த கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர்தான் மாதக்கணக்கில் தன் பிள்ளைக்கும் உம்மாவுக்கும் சேர்த்துப் பால் கொடுத்தார். பால்குடி உறவு நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை உம்மா இன்றும் "என் தங்கச்சி" என்றுதான் சொல்வார். கலியாணமாகிக் கொழும்புக்கு வந்தபிறகு மூத்தப்பாவும் கடையை விற்றுவிட்டார். உம்மா அந்தப் பக்கம் போகவேயில்லை.

கேட்காமலில்லை. முழங்கால் வலி, நெடுநேரம் உட்கார முடியாது, வழியில் கழிவறைக்கு என்ன செய்வது என்று நாங்கள்தான் ஒத்திப்போட்டோம். ஒரு நாள் உம்மா, "நான் மவுத்தான பிறகு போட்டோ பிடிச்சிட்டு வருவீங்களோ?" என்றார். அந்த மாதமே புறப்பட்டோம்.

வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டோம். மடக்கும் கமோட் கதிரை, சுற்றிக் கட்டத் திரை, வுளூவுக்குத் தண்ணீர்க் கேன், சிறிய கேஸ் அடுப்பு. சமையல் நானாவும் பையன்களும் என்று முதலிலேயே முடிவு செய்தோம். வீட்டு அடுப்பை விட்டு வேன் அடுப்புக்குப் போவது பெண்களுக்குப் பயணமாகுமா, சொல்லுங்கள்!

களனிப் பள்ளத்தாக்கு வழியே ஏறினோம். அவிசாவளையில் வண்டியை நிறுத்தியபோது, இதுதான் பழைய சீதாவாக்கை என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1521இல் மாயாதுன்னை தலைநகராக்கிய ஊர். போர்த்துக்கேயரை எதிர்க்க அவனுக்குக் கள்ளிக்கோட்டையிலிருந்து துணைக்கு வந்தவர்கள் நம் மரைக்காயர்கள். கித்துல்கலை, கினிகத்தேனை தாண்டி ஹட்டன். அந்த மேட்டில் ஒரு பக்கம் பெய்யும் மழை களனியில் சேர்ந்து கொழும்புக்கு வருகிறது. மறுபக்கம் பெய்வது கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலந்து, திருகோணமலைப் பக்கம் போகிறது.

கொட்டகலை தாண்டிப் பத்தனைச் சந்தி வந்ததும் உம்மா மெத்தையிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டார். கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம். லயம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் காம்பராவில் இப்போதிருக்கும் பெண் உம்மாவை இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். வயதான ஒருவர் விவரம் சொன்னார். 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானதல்லவா? அதில் அந்தக் குடும்பமும் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டது. பால் கொடுத்த அம்மா அங்கேயே காலமாகிவிட்டாராம்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்களைச் சுட்டது. "அந்த அம்மா மக ஒருக்கா இங்க வந்துச்சுங்க. பத்து வருசத்துக்கு மேல இருக்கும். கடைக்கார மொதலாளி மக எங்கன்னு கேட்டு அழுதுச்சு. எங்க யாருக்கும் தெரியல."

அந்தப் பத்து வருடமும் நாங்கள் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். உம்மா எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

சிறிது தூரத்தில் சென்.கிளயர் நீர்வீழ்ச்சி. சிறு வயதில் உம்மா பார்த்த வெள்ளம் இப்போது இல்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல்கொத்மலைத் திட்டம் ஓயாவின் நீரைத் தலவாக்கலையில் மறித்துச் சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகிறது. "இவளும் மெலிஞ்சு போயிட்டாள்" என்றார் உம்மா.

நுவரெலியாக் குளிரில் ஓரிரவு தங்கி, றம்பொடை வழியாக இறங்கினோம். கீழே கொத்மலை நீர்த்தேக்கம்; பல கிராமங்களை மூழ்கடித்த நீர். அடுத்து, பதினான்காம் நூற்றாண்டில் தலைநகராயிருந்த கம்பளை. அந்தக் காலத்தில்தான், 1344இல், இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கிப் பாவாத மலைக்குப் போனார். கம்பளைப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, கண்டி வழியாக வீடு வந்தோம்.

அந்தப் பெரியவர் தேடித் தந்த ஒரு பழைய முகவரிக்கு இப்போது கடிதம் எழுதியிருக்கிறோம். உம்மா தினமும் தபால்காரரை விசாரிக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் எங்கோ போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் உடம்பு பயணத்துக்கு ஆகாது என்று சொல்லாதீர்கள். பயணத்தை அவர் உடம்புக்கு ஆகும்படி மாற்றுங்கள். ஒரு மெத்தையும் ஒரு கமோட் கதிரையும் போதுமாயிருந்தது, எங்களுக்கு. பத்து வருடம் முந்தியும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.