மலை இல்லாத ஊரும் மலை நிறைந்த தேசமும்

பூகோளப் பாடம் நடத்தும் உபாத்தியாயருக்கு ஒரு சௌகரியம் உண்டு. தாம் கண்ணால் பாராத தேசங்களைப் பற்றி அவர் மணிக்கணக்காகப் பேசலாம். கேட்கிற பிள்ளைகளும் அவற்றைப் பார்த்ததில்லையாதலால் மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. இருபது வருஷங்களாக நானும் இந்தச் சௌகரியத்தை அனுபவித்து வந்தேன். கொரியா என்றால், "மலைப்பாங்கான ஒரு தீபகற்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவேன். சென்ற வருஷம் ஒரு கொரியரே என் முன்னால் வந்து நின்றபோதுதான் அந்த ஒற்றை வாக்கியம் போதாதென்று தெரிந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே பிரயாணம் செய்தவர்களுக்கு அவரை அங்கே கண்டது ஆச்சரியமாக இராது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியின் முதல் கார் 1998-ல் வெளிவந்தது. 2007-ல் சாம்சங் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நெல் விளைந்த பூமியில் இப்போது நீண்ட கூரைகள். கூரைகளுக்கு நடுவே நாலுவழிச் சாலை. சாலையோரத்து ஹோட்டல்களில் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் கொரிய எழுத்து. என் நண்பர் இந்தப் பிரதேசத்தில் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினீயர். அவருடைய சிறு பெண் அவரை "அப்பா" என்று கூப்பிட்டதைக் கேட்டு, தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாளாக்கும் என்று நான் மகிழ்ந்து போனேன். பிறகுதான், கொரிய பாஷையிலும் அப்பாவுக்கு "அப்பா" என்றே பெயர் என்பது தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டார்: "ஸார், விடுமுறை நாளில் ஏறுவதற்கு இந்த ஊரில் ஒரு மலைகூட இல்லையா? எங்கள் தேசத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் மலைதான் படும். இங்கே கண் போய்க்கொண்டே இருக்கிறது, நிற்க இடமில்லை."

வாசகர்கள் ஆசியாவின் தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் அவருடைய ஏக்கம் விளங்கும். கொரியத் தீபகற்பத்தின் விஸ்தீரணம் சுமார் 2,20,000 சதுர கிலோமீட்டர். அதன் தென்பாதியாகிய தென்கொரியா மட்டும் சுமார் 1,00,000. நம் தமிழ்நாட்டைவிடச் சிறியது. அந்த நிலத்திலே நூற்றுக்கு 70 பங்கு மலை. வடகோடியில் சீன எல்லையில், உச்சியில் ஏரியைத் தாங்கிய எரிமலையாகிய பேக்து மலை 2,744 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதிலிருந்து தெற்கே சிரி மலை வரையில் செல்லும் தொடரைத் தேசத்தின் முதுகெலும்பு என்றே கொரியர்கள் கருதுகிறார்கள்.

இந்த முதுகெலும்பு தேசத்தின் நடுவில் இல்லை என்பதுதான் விசேஷம். தேபேக் என்னும் மலைத்தொடர் கிழக்குக் கடற்கரையை ஒட்டினாற்போல் செல்கிறது. ஆகையால் கிழக்கே மலை செங்குத்தாகக் கடலை நோக்கி இறங்குகிறது. மேற்கே நிலம் மெல்லச் சரிகிறது. பெரிய நதிகளில் பல மேற்கேயும் தெற்கேயும் ஓடுகின்றன. ஸியோல் நகரத்தின் வழியாகப் பாயும் ஹான் நதி கிழக்கு மலைகளில் பிறந்து, தேசத்தைக் குறுக்கே கடந்து, மேல்கடலில் சேருகிறது. சமவெளியும் வயலும் மேற்கிலேயே அதிகம். மேற்குக் கடலோ ஆழமில்லாதது. இஞ்சோன் துறைமுகத்தில் கடல் சுமார் 9 மீட்டர் ஏறி இறங்குகிறது. அலை வாங்கினால் பல மைல் தூரம் சேற்று நிலம் வெளிப்படும்.

இதைப் படத்தில் காட்டி அவர் விளக்கியபோது, நான் பக்கத்தில் நம் தேசப்படத்தை வைத்தேன். இருவரும் சிரித்துவிட்டோம். நம்முடைய தீபகற்பத்தைக் கண்ணாடியில் பார்த்தது போலல்லவா இருக்கிறது! நமக்கு மலை மேற்கே, நதி கிழக்கே. குடகில் பிறக்கும் காவேரிக்கு அரபிக்கடல் அருகில்தான். ஆனால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுமார் 800 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலுக்கு வருகிறாள். மேற்கே பாயும் நர்மதையும் தபதியும் இங்கே விதிவிலக்கு. கிழக்கே பாயும் துமன் நதி அங்கே விதிவிலக்கு.

"மலை இல்லாவிட்டாலும் மலைத் தெய்வத்தைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்று அவரை ஒரகடத்துக்கு அருகே வல்லக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பார்கள். இங்கேயோ சமதரையில், ஏழடி உயரத்தில், கம்பீரமாக நிற்கிறான். கொரியாவின் பௌத்த ஆலயங்களில் மலைத் தெய்வத்துக்கென்று தனிச் சந்நிதி உண்டென்றும், பக்கத்தில் புலி இருக்குமென்றும் அவர் சொன்னார். "எங்களவருக்கு மயில்" என்றேன்.

திரும்பும்போது அவர் கேட்டார்: "மலையில்லாத தேசத்தில் தண்ணீரை யார் நிறுத்தி வைக்கிறார்கள்?"

நல்ல கேள்வி. அவரைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள பூமி, பத்துக் கோடி வருஷங்களுக்கும் முன்பு, கடலோரத்துச் சேறும் மணலுமாய்ப் படிந்தது. இலைகளின் சுவடுகள் பதிந்த அந்தக் களிப்பாறைக்கு இந்த ஊர்ப் பெயரையே சாஸ்திரக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் நிலம் கிழக்கே மிகமிக லேசாகச் சாய்ந்திருக்கிறது; கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்தச் சாய்வை நம் முன்னோர்கள் கண்டறிந்து, பள்ளமான பக்கத்தில் கரை கட்டி, மதகு வைத்து, கலங்கல் அமைத்தார்கள். ஒரு ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்கு, ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்கு, அங்கிருந்து அடையாற்றுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் மழையை இந்தச் சங்கிலிதான் பிடித்து வைத்தது. கொரியர்களுக்கு மலை செய்கிற வேலையை நமக்கு மண்கரை செய்தது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவில் இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்து விடப்பட்டதையும், அடையாறு கரை புரண்டு சென்னையை மூழ்கடித்ததையும் சொன்னேன். ஆனால் இந்த ஏரியின் நீர் சேராத மேற்பகுதியில் முடிச்சூரும் வரதராஜபுரமும்கூட மூழ்கின. ஒரகடம் பக்கத்து நீர் அந்த வழியாகத்தான் போகிறது. கால்வாய் ஓடிய இடத்தில் மதிற்சுவர் எழும்பினால் தண்ணீர் வேறு வழி பார்க்கத்தானே செய்யும்?

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என் தகப்பனார் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் மலை மொட்டையாக இருந்தது. யுத்தத்திலும், அதற்கு முன்னும் பின்னும், மரத்தையெல்லாம் விறகுக்கு வெட்டிவிட்டார்கள். மழை பெய்தால் மண் வயலில் வந்து விழும். 1973-ல் ஒரு பத்து வருஷத் திட்டம் போட்டு, ஆறே வருஷத்தில் முடித்தார்கள். என் தகப்பனாரும் நட்டார். இப்போது அங்கே காடு. மலை எங்கள் தண்ணீரைக் காப்பாற்றுகிறது என்பதை, மலை மொட்டையான பிறகுதான் தெரிந்துகொண்டோம், ஸார்."

மறுநாள் வகுப்பில் கொரியப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "நம் ஊர் ஏரி நிரம்பினால் மிகுநீர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். கொரியாவின் உயரமான மலையை மீட்டர்க் கணக்கோடு சொல்லக்கூடிய பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் தயங்கித் தயங்கி எழுந்தான். அவனுடைய தாத்தா ஏரி மதகு திறக்கும் நீர்க்கட்டியாக இருந்தவர்.

"கலங்கல் தாண்டி, பெரிய ரோட்டுக்கு அடியிலே குழாய் வழியாப் போகணும் ஸார். குழாய் பாதி அடைஞ்சு கிடக்குது. தாத்தா தினமும் அதைப் பார்த்துட்டுத்தான் வருவாரு" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளோடு அந்தக் குழாயைப் பார்க்கப் போகிறேன். வழி காட்டப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என் கொரிய நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; ஏறுவதற்கு ஏரிக்கரையாவது இருக்கிறதே என்று அவருக்குத் திருப்தி.