இனிஷியல்

அரக்கோணத்தில் ரயில் ஏறினால் சோளிங்கர் வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். காட்பாடி வரைக்கும் பெயர் பிரிக்கும் வேலை. மருத்துவ நூலகத்தில் இருபது வருஷமாக நான் பார்ப்பது இதுதான்: எந்த டாக்டர் என்னென்ன பேப்பர் எழுதினார், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், அதாவது சைட் செய்தார்கள் என்று பட்டியல் போடுவது. பதவி உயர்வுக்கும் ஆராய்ச்சி நிதிக்கும் அது வேண்டும். பட்டியல் பத்துப் பக்கம் போனாலும் கேட்பவர்கள் பார்ப்பது ஹெச்-இண்டெக்ஸ் என்ற ஒரே எண்ணைத்தான். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த கணக்கு அது. ஒருவருக்கு அது 20 என்றால், அவருடைய 20 பேப்பராவது தலா 20 தடவையாவது சைட் ஆகியிருக்கிறது என்று பொருள்.

கூட்டிப் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. பேப்பர் யாருடையது என்று கண்டுபிடிப்பதில்தான் என் சம்பளம் இருக்கிறது.

நம் ஊர்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். ஒரு ஜர்னல் அந்த அப்பாவையே ஆசிரியர் ஆக்கிவிடும்; இன்னொன்று இனிஷியலை முழுங்கிவிடும். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவுக்கு எடுபடவில்லை என்று 1972லேயே எழுதிய வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜான். அதே சிஎம்சியில் சமூக மருத்துவத் துறையில் இன்னொரு ஜேக்கப் ஜான். இந்தியாவின் டைபாய்டு சுமை பற்றி 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பேப்பருக்கு முதல் ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருவரையும் ஒரே ஆளாக்கி, ‘மனுஷன் தூங்கவே மாட்டார் போல’ என்று வியந்திருக்கிறேன். “முன்னாடி இருக்கிற ‘டி’ எங்கப்பா?” என்றார் மூத்த நூலகர் அம்மா. அன்றைக்கு முழுக்கப் பிரித்தேன்.

சிஎம்சியில் ஆராய்ச்சியாளராக இருந்த ககன்தீப் காங் கதை வேறு மாதிரி. ‘காங் ஜி’ என்று தேடினால் பாதிக் கொரியா வந்து நிற்கும். அங்கே காங் சாதாரணக் குடும்பப் பெயர். ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் தனித்தனியாகத் தரும், 2012இல் வந்த ஆர்கிட் எண் இப்போது கைகொடுக்கிறது. பழைய பேப்பர்களுக்கு நிறுவனம், கூட எழுதியவர்கள், விஷயம் மூன்றையும் ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கப்போய்த்தான் பேப்பர்களைப் படிக்கும் கெட்ட பழக்கம் வந்தது.

அதில் மனதில் தங்கியது 2011இல் அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த, பேதி தரும் ரோட்டா வைரஸ் பற்றிய பேப்பர். முதல் ஆசிரியர் பெரில் பிரிம்ரோஸ் கிளாட்ஸ்டோன். காங்கும் ஆசிரியர்களில் ஒருவர். வேலூர்க் குடிசைப் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். வாரம் இரண்டு தடவை வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் எடுக்க வேண்டும். பேதி என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு குழந்தைக்கு மட்டும் முந்நூறு தடவைக்கு மேல் படியேறியிருக்கிறார்கள் என்று மார்ஜினில் பென்சிலால் கணக்குப் போட்டேன். மெக்சிகோவில் 1996இல் வந்த ஆய்வின்படி, இரண்டு முறை தொற்று வந்துவிட்டால் அப்புறம் கடும் பேதி இல்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோ கணக்கை நம்பி இங்கே தடுப்பு மருந்து போட்டிருந்தால் ஏமாந்திருப்போம்.

இந்தப் பேப்பரை இன்னொரு பேப்பர் சைட் செய்தால் டேட்டாபேஸில் ஒன்று ஏறும். 2016இல் ரோட்டா சொட்டு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது; ஆறாவது வாரத்தில் ஒரு நர்ஸ் அதைக் குழந்தை வாயில் விடும்போது எங்கும் எதுவும் ஏறாது. அதனால் என் எக்செல் ஷீட்டில் ‘எங்கே பயன்பட்டது’ என்று கடைசியாக ஒரு பத்தி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. நிரப்ப நேரம் பிடிக்கும், ஆனால் ரயில் எப்படியும் வாலாஜா ரோட்டில் நிற்கும்.

போன மாதம் ஒரு டாக்டர் மேஜைக்கே வந்துவிட்டார்.

“என்னப்பா, போன வருஷம் ஹெச்-இண்டெக்ஸ் 24 இருந்துச்சே, இப்ப 21 போட்டிருக்கே?”

“பதினோரு பேப்பர் உங்களோடது இல்ல சார். இனிஷியல் மட்டும் ஒண்ணு.”

கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்தார். “அதுல நல்ல பேப்பர் எது?” என்றார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.