கொத்தனார் மேல் போட்ட பழி

என்னை யாரும் ஏமாற்றவில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீல் பார்த்தார். குறையில்லை. கும்பகோணத்தில் 1934இல் கட்டிய வீடு. திண்ணை, முற்றம், தேக்குத் தூண்கள். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் பரப்பிய தளம். பழுது பெரிதென்று தெரியும். எவ்வளவு பெரிதென்று பார்க்கத்தான் வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துப் போனேன்.

பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் யாரோ சிமெண்டு பூசியிருந்தார்கள். அவர் அதைத் தட்டிப் பார்த்தார். "ஈரம் வெளிய வர வழியில்ல சார். கட்டை நடுவுல நல்லாத்தான் இருக்கும். சுவத்துக்குள்ள போற முனைதான் உளுத்துப்போவும். ரெண்டு எடத்துல கொத்திப் பாத்துடுறேன்." உளியை எடுத்தும்விட்டார்.

வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். பழைய வீட்டின் அருமை தெரிந்தவர் என்று சற்று முன்தான் என்னைப் புகழ்ந்திருந்தார். அவர் எதிரில் சந்தேகப் பிராணியாகத் தெரிய எனக்குக் கௌரவக் குறைச்சல். அதைவிடப் பெரியது பயம். உள்ளே உளுத்திருந்தால் வீட்டை விட்டுவிட வேண்டும். எனக்கு அந்த வீடு வேண்டும். "வேணாம் மேஸ்திரி, விடுங்க" என்றேன்.

"உங்க இஷ்டம் சார்." உளி பைக்குள் போனது.

"மேஸ்திரி என்ன சொன்னார்?" என்று மனைவி கேட்டாள். "கட்டையெல்லாம் கெட்டியா இருக்குன்னுட்டார்" என்றேன். அதை நம்பித்தான் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாள்.

வீட்டை வாங்கிய இரண்டாம் வருஷ ஐப்பசி மழையில் கூடத்துக் கட்டை ஒன்று சுவரை விட்டு இறங்கியது. செங்கல் சரிந்து, கீழே படுத்திருந்த அம்மாவின் தோள் எலும்பு முறிந்தது. இன்றும் அம்மாவால் வலது கையைத் தூக்கித் தலை வார முடியாது. மற்ற கட்டைகளின் முனைகளும் விரலால் நெருடினால் தூளாக உதிர்ந்தன. தளம் முழுவதையும் பிரித்தோம். நகைகள் அடகில் மூழ்கின.

ஆஸ்பத்திரியில் மனைவி மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. தெருவில் விசாரித்தவர்களிடம், "அவர் பாத்துச் சொல்லித்தான் வாங்கினேன்" என்றேன். எங்கள் தெருப் பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை அவருடையதுதான். ஒவ்வொரு வீடாக அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது. கடைத்தெருவில் ஒருமுறை எதிரே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

மனைவியிடம் இப்போதுதான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மேஸ்திரி வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு சார்? தெருவுல சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன். அவர் கொத்திப் பார்க்கிறேன் என்றார். தடுத்தவன் நான். எங்கள் தெருக்காரர்களே, பழைய வீட்டு வேலைக்கு அவரையே கூப்பிடுங்கள்.